மெழுகுக்குள் இருந்தவள்

பரவை மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றி முடித்து, தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அசோக்குமாருக்கு அந்த அழைப்பு வந்தது. தெரியாத எண். லோன் வேண்டுமா என்று கேட்பார்கள், எடுத்ததும் வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தான்.

“நாகஜோதி வீட்டுக்காரருங்களா?”

மூன்று வருடமாக அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கயிற்றை விட்டுவிட்டு வண்டியின் நிழலுக்கு வந்தான்.

“ஆமா. சொல்லுங்க.”

பேசியவள் பெயர் ஜஸீலா. நாகஜோதிக்கு மார்புப் புற்றுநோய் ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி மாணவி என்றாள். தயங்கித் தயங்கித்தான் பேசினாள். “உங்க மனைவிக்கு ஆபரேஷன் பண்ணப்ப எடுத்த கட்டியில ஒரு சின்னத் துண்டு இங்க பத்திரமா இருக்கு. அதை எங்க ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். உங்க சம்மதம் இல்லாம தொட மாட்டோம்.”

சம்மதம், ஆராய்ச்சி என்பதெல்லாம் அவன் காதில் ஏறவே இல்லை. “இருக்கா?” என்றான். “என்ன இருக்கு?”

“சதைத்துண்டுங்க. மெழுகுல பதிச்சு வச்சிருக்கோம்.”

தத்தனேரிச் சுடுகாட்டில் அவளை எரித்தார்கள். வைகையில் தண்ணீர் இல்லாததால் சாம்பலை ராமேஸ்வரம் வரை கொண்டுபோய்க் கரைத்துவிட்டு வந்தான். விளாங்குடியில் அவள் நடத்திய ஜெராக்ஸ் கடையில் இப்போது யாரோ மொபைல் ரிப்பேர் பார்க்கிறார்கள். அவளுடைய சேலைகளைச் சொந்தக்காரப் பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்றும் மிச்சமில்லை என்று மனத்தைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தான். இப்போது பார்த்தால், விரல்நகம் அளவுக்காவது அவள் இதே ஊரில் இருந்திருக்கிறாள். அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் தினமும் திருப்பரங்குன்றத்துக் கடைகளுக்குக் காய்கறி கொண்டுபோய்க்கொண்டிருந்தான்.

“நேர்ல வாரேன்” என்றான்.

மறுநாள் லோடு இறக்கியதும் நேராகப் போனான். மாடியில், நீளமான ஒரு அறையின் கோடியில் ஜஸீலா உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். தலையில் முக்காடு, அதன் மேலேயே மூக்குக்கண்ணாடி. அவன் வருவதைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

“உக்காருங்கண்ணே. டீ சொல்லவா?”

“டீயெல்லாம் வேணாம் மேடம். அதைக் காட்டுறீங்களா?”

அவள் இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். தீப்பெட்டியை விடச் சின்னதான ஒரு பிளாஸ்டிக் கூடு. அதன் ஒரு பக்கம் வெள்ளை மெழுகு. மெழுகுக்குள் புளியம்பழத் துணுக்குப் போலப் பழுப்பாக ஏதோ ஒன்று. ஓரத்தில் ஒரு எண்.

அசோக்குமார் கையை நீட்டினான். பிறகு, காய்கறி மண் ஒட்டிய விரல்களைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டான்.

“தொடலாம்ணே. ஒண்ணும் ஆகாது.”

உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியவில்லை. கடைசி மாதங்களில் அவளைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதும் அப்படித்தான் இருந்தாள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், பல நாள் உள்ளே கிடந்த ஒரு கேள்வியைக் கேட்டான்.

“ஆபரேஷன் பண்ண டாக்டர் முழுசா எடுத்தாச்சுன்னுதான சொன்னாரு. அப்புறம் எப்படி மேடம் எலும்புக்குப் போச்சு?”

“அவர் சொன்னது தப்பில்லண்ணே. கண்ணுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எடுத்திருப்பாரு. ஆனா அதுக்கு முன்னாலயே சில செல்லுங்க கட்டிய விட்டுக் கிளம்பி ரத்தத்தோட போயிருக்கும்.” தன் பேச்சு அவனுக்குப் புரிகிறதா என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “கட்டி வளர்றது வேற, பரவுறது வேற. சில பேருக்குக் கட்டி எம்புட்டுப் பெருசானாலும் இருந்த எடத்துலயே கிடக்கும். சில பேருக்குச் சின்னதா இருக்கையிலயே கிளம்பிரும். ஏன் அப்படின்னு பாத்தப்பதான் சில மரபணுக்களைக் கண்டுபிடிச்சாங்க. நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அது இருக்கு. கட்டி வளர்றதை அது தடுக்காது. ஆனா செல்லைக் கட்டிய விட்டுப் பிரிஞ்சு போகவிடாது. தப்பிப் போனாலும் போன எடத்துல குடியேற விடாது. நான் பாக்குற மரபணுவுக்கு பிஆர்எம்எஸ்-ஒன்னுன்னு பேரு.”

“பஸ் நம்பர் மாதிரி இருக்கு.”

ஜஸீலா சிரித்தாள். அவனுக்கும் லேசாகச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

“அப்ப இவளுக்கு அது இல்லாமப் போச்சா?”

“பெரும்பாலும் இல்லாமப் போறதில்லண்ணே. இருக்கும். ஆனா பேசாமக் கிடக்கும். சின்னச் சின்ன வேதிப்பொருளுங்க அது மேல ஒட்டிக்கிட்டு அதை வேலை செய்ய விடாமப் பண்ணிரும். பூட்டின வீடு மாதிரின்னு வச்சுக்கங்களேன். உங்க மனைவிக்கு அப்படி ஆச்சான்னு எனக்குத் தெரியாது. இதை மெலிசா சீவி, சாயம் ஏத்திப் பாத்தாத்தான் தெரியும். நோய் பரவுனவங்க, பரவாதவங்க ரெண்டு தரப்புலயும் நிறையப் பேரோட துண்டைப் பாத்துக்கிட்டிருக்கோம்.”

“சீவுனா இது என்ன ஆகும்?”

“கொஞ்சம் கொஞ்சமாத் தீரும்ணே” என்றாள், மறைக்காமல்.

அசோக்குமார் விரல்களை மூடிக்கொண்டான். “இதை நான் வீட்டுக்குக் கொண்டுட்டுப் போகலாமா?”

ஜஸீலாவின் முகம் வாடியது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. குடும்பத்தார் கேட்டால் கொடுப்பது வழக்கம்தான் என்று அவனைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப்போய், கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட வைத்து, ஒரு ஜிப் கவரில் போட்டுத் தந்தாள். “வெயில் படாம வச்சுக்கங்கண்ணே. மனசு மாறுனாக் கூப்பிடுங்க.”

அன்று சாயங்காலம் அவன் அதைச் சாமி அலமாரியில், நாகஜோதியின் போட்டோவுக்குக் கீழே வைத்தான். கல்லூரியிலிருந்து வந்த மகள் பவதாரிணி கால் கழுவிவிட்டு விளக்கேற்றப் போனவள், கவரை எடுத்துப் பார்த்தாள்.

“என்னப்பா இது?”

சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. கவரை, சூடான பாத்திரத்தை வைப்பதுபோல விருட்டென்று கீழே வைத்தாள்.

“இது அம்மா இல்லப்பா. அம்மாவக் கொன்னது. அதைப் போயிச் சாமிகிட்ட வச்சிருக்க!”

“அவ உடம்புல இருந்ததும்மா.”

“அம்மா உடம்பத் தின்னது. ராத்திரி முழுக்க அம்மா கத்துனது ஒனக்கு மறந்து போச்சா? எனக்கு மறக்கல. இது இந்த வீட்டுல இருந்தா நான் இருக்க மாட்டேன்.”

நாகஜோதி படுக்கையில் கிடந்தது அவள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருடம். அவன் வண்டியில் இருக்கும் நேரமெல்லாம் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்ததும், துடைத்துவிட்டதும் அவள்தான். கவரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றான்.

அதற்குப் பிறகு அது வண்டியிலேயே இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பொருள் வைக்கும் பள்ளத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள். சிக்னலில் நிற்கும்போது கை தானாக அங்கே போய் டப்பாவைத் தொட்டுவிட்டு வரும். கல்யாணமான புதிதில் இதே போல ஒரு குட்டியானை லோடு வண்டியைத்தான் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். சில நாள் நாகஜோதியும் ஏறிக்கொள்வாள். ரோட்டோரக் கடைகளின் பெயர்ப்பலகையை எல்லாம் சத்தமாக வாசித்து, எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டே வருவாள். இப்போது தனியாக ஓட்டும்போது ஒரு பலகையில் தப்பைப் பார்த்துவிட்டால், “ஏ ஜோதி, பாத்தியா?” என்று வாய்விட்டுச் சொன்னான். இத்தனை நாளும் அப்படிச் சொல்லத் தோன்றியதில்லை. டப்பா வந்த பிறகுதான்.

பேசப்பேச ஏக்கம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் மறுபடி வந்துவிட்டது.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரம். திருப்பரங்குன்றத்தில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு முருங்கைக்காய் கட்டுகளைக் கடை கடையாக இறக்கினான். பிறகு ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தான். கூட்டமாக இருந்ததால் இலை போடவே நேரமானது. சாப்பிட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

டப்பாவைத் திறந்தான். கவருக்குள் மெழுகு இல்லை. எண்ணெய் போல ஏதோ தளும்பியது. கூடு சாய்ந்து கிடந்தது. அந்தப் பழுப்புத் துணுக்கு அதைவிட்டுக் கழன்று ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது.

நடுரோட்டில் நின்று அவன் அழுதான். பூக்கடைக்காரர் ஓடி வந்து, “என்ன மாப்ள, என்னாச்சு?” என்றார். அவன் கவரைத் தூக்கிக் காட்டினான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜஸீலாவின் எண்ணைத் தேடி அழைத்தான்.

“உருகிருச்சும்மா. அவ உருகிப் போயிட்டா.” மேடம் என்பது எப்படி அம்மாவானது என்று அவனுக்கே தெரியவில்லை.

“அண்ணே, பதறாதீங்க. மெழுகுதான உருகிருக்கு? துண்டு இருக்கா?”

“தனியாக் கிடக்கு.”

“அப்ப ஒண்ணும் ஆகல. நாங்களே மெழுகை உருக்கித்தான் அதுக்குள்ள வைக்கிறோம். அந்தச் சூடு அதுக்குப் பழக்கம். எதையும் எடுக்காதீங்க, கழுவாதீங்க. அப்படியே கொண்டு வாங்க. நான் மறுபடி பதிச்சுத் தாரேன்.”

கிளம்புவதற்கு முன் மகளுக்கும் போன் செய்தான். கோபத்தில் இருப்பவளுக்கு ஏன் செய்தான் என்று கேட்டால், அவனுக்குச் சொல்லத் தெரியாது. துக்கம் வந்தால் வீட்டு ஆளிடம்தானே சொல்ல முடியும். பவதாரிணி கேட்டுக்கொண்டாள். “எந்த ஆஸ்பத்திரி? அம்மா இருந்த பழைய ஆஸ்பத்திரியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள். அவன் மாடி ஏறிப் போனபோது அவள் அவனுக்கு முன்பே வந்து, அறைக்கு வெளியே பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை.

ஜஸீலா புது மெழுகை உருக்கினாள். சின்ன இடுக்கியால் துண்டை எடுத்து, எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று பார்த்து, உலோகத் தட்டுக்குள் வைத்தாள். மெழுகை ஊற்றி, பழைய கூட்டை அதன் மேல் அழுத்தி, குளிர்ந்த தகட்டில் வைத்தாள். வெளியே எடுத்தபோது அது முன்பு இருந்தது போலவே இருந்தது.

“அம்புட்டுத்தானா?” என்றான் அசோக்குமார்.

“அம்புட்டுத்தாண்ணே.”

கையில் வாங்கியவன் சட்டைப்பையில் போடாமல் நின்றான். ஒரு வெயிலில் போக இருந்தது. நாளைக்கு மழையில், நாளை மறுநாள் ஒரு சின்ன விபத்தில். தன்னிடம் இருந்தால் அவள் பத்திரமாக இருப்பாள் என்று அவனுக்கு இப்போது தோன்றவில்லை.

“சீவிப் பாருங்கம்மா” என்றான். “கையெழுத்துப் போடுறேன். ஆனா பாக்கும்போது நானும் பாக்கணும்.”

சில நாள் கழித்து ஜஸீலா கூப்பிட்டாள். “நானும் வாரேன்” என்றாள் பவதாரிணி. ஏன் என்று அவன் கேட்கவில்லை.

மைக்ரோஸ்கோப்பில், சீவிய துணுக்கை ஒட்டிய கண்ணாடிச் சில்லை வைத்து, ஜஸீலா திருகித் திருகி ஒரு இடத்தில் நிறுத்தினாள். “இப்பப் பாருங்கண்ணே. அந்த மரபணு வேலை செய்யிற எடம் பழுப்பா இருக்கும். வேலை செய்யாத எடம் வெறும் நீலமா இருக்கும்.”

முதலில் அவனுக்குத் தன் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு வெளிச்சம். பிறகு எங்கு பார்த்தாலும் நீலப் புள்ளிகள். ஒழுங்கில்லாமல், ஒன்றின் மேல் ஒன்று முட்டிக்கொண்டு, சந்தை கலைந்த நேரத்துக் கூட்டம் போல.

“எல்லாம் நீலமாத்தான இருக்கு” என்றான்.

“ஆமாண்ணே. அதுதான் கட்டி. அங்க அந்த மரபணு பேசவே இல்ல.” சில்லைச் சரிசெய்தபடி சொன்னாள், “அதனாலதான் பரவுச்சுன்னு இதை மட்டும் வச்சுச் சொல்லிற முடியாது. வேற காரணமும் இருந்திருக்கலாம். ஆனா இது பேசல.”

அவன் கண்ணை எடுக்கவில்லை. அவள் மெதுவாகச் சில்லை நகர்த்தினாள். நீலம் விலகி, ஒரு ஓரத்தில் பழுப்பு வளையங்கள் வந்தன. நாலைந்து இருக்கும். ஒவ்வொரு வளையத்திலும் செல்கள் தோளோடு தோள் சேர்ந்து, வட்டமாக உட்கார்ந்திருந்தன. நடுவில் வெறும் இடம்.

“இது என்னம்மா?”

“கட்டிக்குப் பக்கத்துல இருந்த நல்ல சதைண்ணே. வெட்டும்போது சேந்து வந்திருக்கு. பால் வர்ற குழாய் இதெல்லாம். இதுல அந்த மரபணு நல்லாப் பேசுது பாருங்க. எல்லாம் அது அது எடத்துல இருக்கு.”

அசோக்குமார் நிமிர்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தான்.

“பவா. இங்க வா. நீ பால் குடிச்ச எடம்மா.”

அவள் நகரவில்லை. பிறகு வந்தாள். குனிந்து, ஒரு கண்ணை மூடி, இன்னொன்றை வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அக்கா” என்றாள் தலையைத் தூக்காமல், “அந்த நீலத்துக்குள்ளயும் இந்த மரபணு இருக்கா?”

“இருக்கு. பூட்டிக் கிடக்கு.”

“அப்ப அதுவும் அம்மாதான்.”

“ஆமாம்மா” என்றாள் ஜஸீலா. “அம்மாவோட செல்லுதான். வழி தவறிப் போச்சு.”

பவதாரிணி நிமிர்ந்து, துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு இத்தனை நாளும் அப்பாவிடம்கூடக் கேட்காத ஒன்றைக் கேட்டாள். “எனக்கும் வருமா?”

“இந்தப் பூட்டு அம்மா பொறக்கும்போதே விழுந்தது இல்ல. கட்டி வந்த அப்புறம் அந்தக் கட்டிக்குள்ள விழுந்தது. அதனால அது உனக்கு வந்திருக்காது” என்றாள் ஜஸீலா. “ஆனா வழிவழியா வர்ற வேற மரபணுக்கள் இருக்கு. அம்மாவுக்குச் சின்ன வயசுலயே வந்ததால நீ டாக்டரைப் பாத்துக் கேட்டுக்கிறது நல்லது. யாரைப் பாக்கணும்னு நான் சொல்றேன். பயந்துக்கிட்டே இருக்காத.”

பவதாரிணி தலையாட்டினாள். அசோக்குமாருக்கு மகளின் கோபத்துக்குள் இருந்தது அன்றுதான் தெரிந்தது. கையை அவள் தோளில் வைத்தான். அவள் தட்டிவிடவில்லை.

துண்டைத் திரும்ப எடுத்துப்போகிறீர்களா என்று ஜஸீலா கேட்டாள். “இங்கயே இருக்கட்டும்” என்றான். “நீங்க சீவுங்க. ஜோதியால யாருக்காவது எதாவது தெரியட்டும்.”

திரும்பி வரும்போது பவதாரிணி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பாத்திமா கல்லூரி நிறுத்தம் தாண்டியதும், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

“அம்மாவ மொதல்ல எங்கப்பா பாத்த?”

அந்த மெழுகுச் சண்டையைத் தவிர, மூன்று வருடமாக அந்த வீட்டில் அவர்கள் இருவரும் நாகஜோதியைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசினால் மற்றவருக்கு வலிக்கும் என்று ஆளுக்கொரு பக்கம் தவிர்த்து வந்தார்கள்.

“செக்கானூரணியில” என்றான். “ஒரு கல்யாண வீட்டுல. மொய் எழுதுற எடத்துல உக்காந்திருந்தா. ஏம்பேரை எழுதச் சொன்னப்ப, அசோக்குமாருக்கு ‘க்’ வருமா வராதான்னு கேட்டா. எனக்குத் தெரியலன்னேன். சொந்தப் பேரே தெரியலையான்னு சத்தமாச் சிரிச்சா பாரு, கல்யாண வீடே திரும்பிப் பாத்துச்சு.”

பவதாரிணி சிரித்தாள். சிரிப்பு அவள் அம்மாவுடையதைப் போலவே இருந்தது. அசோக்குமார் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியைத் துடைப்பது போலக் கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு வந்தான்.

ஐப்பசி மழை தொடங்கியபோது ஜஸீலா மறுபடி பேசினாள். பார்த்தவரையில், அந்த மரபணு பேசிக்கொண்டிருந்த பெண்களுக்கு நோய் பரவியது குறைவாகத்தான் இருக்கிறதாம், பேசாதவர்களுக்குக் கூடுதலாம். எல்லாருக்கும் அப்படியே இல்லை, இன்னும் நிறையப் பார்க்க வேண்டும் என்றாள். பூட்டைத் திறக்கும் மருந்து ஒன்றை ஆய்வகத் தட்டில் வளர்க்கும் செல்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். சில தட்டுகளில் அந்தச் செல்கள் நகர்வது குறைந்திருக்கிறதாம்.

“தட்டுலதாண்ணே” என்றாள். “மனுசங்களுக்கு வர ரொம்பக் காலம் ஆகும். வராமலும் போகலாம்.”

“அந்த மருந்து அப்பயே இருந்திருந்தா, ஜோதி…” என்றான்.

“தெரியலண்ணே. நெசமாவே தெரியல.”

அவள் பொய் சொல்லாதது அவனுக்குப் பிடித்திருந்தது. தார்ப்பாயில் தேங்கிய மழைத்தண்ணீரை ஒரு கையால் தட்டிவிட்டான். அந்தப் பக்கம் ஜஸீலாவும் போனை வைக்காமல் இருந்தாள்.

“அம்மா” என்றான் பிறகு, “அவ தீந்துட்டாளா?”

“இல்லண்ணே. இன்னும் கொஞ்சம் இருக்கு.”

“சரிம்மா” என்றான். வண்டியை எடுத்தான். திண்டுக்கல் ரோட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, மாடி ஜன்னல்களைப் பார்த்தான். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அழுத்தினான். கொஞ்ச தூரம் அப்படியே மெதுவாகப் போனான்.